றீற்றாவின் தொட்டியில் ஆறு கொட்டிக் கிழங்குகள்

றீற்றாவின் கொமினிகேஷன் கடைக்கு நான் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் போவேன், லைன் கிடைத்தால் லண்டனில் இருந்த மகனோடு பேசுவதற்கு. தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. மட்டக்களப்பு நகரில் அப்படி நாலைந்து கடைகள் இருந்தன. ஆனால் றீற்றாவின் கடையில்தான் ரெலிபோன் கூண்டுக்குக் கதவு இருந்தது. கதவு இருந்தும் பெரிய பயனில்லை. வெளிநாட்டு லைன் இரைச்சலில் எல்லோரும் கத்தித்தான் பேசவேண்டும். யாருடைய மகன் எந்த நாட்டில் பிடிபட்டான், யாருடைய வீட்டை இரவோடிரவாகச் சோதித்தார்கள் என்பதெல்லாம் வெளியே வாங்குப் பலகையில் இருப்பவர்களுக்குக் கேட்கும். கேளாதவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு எங்கள் முறைக்குக் காத்திருப்போம்.

அதற்காகத்தான் றீற்றா ஒரு மீன்தொட்டி வாங்கி வாங்குக்கு எதிரே வைத்தாள்.

"சனம் ஆளையாள் பாத்துக்கொண்டிருந்தா சரிவராது சேர். மீனைப் பாக்கட்டும்" என்றாள்.

அப்போது அவளுக்கு நாற்பது வயது இருக்கும். கணவன் ஜெயராஜா வயறிங் வேலை செய்தவர். தொண்ணூறில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் எல்லோரையும் கோயில் வளவுக்குள் வரிசையில் விட்டார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்க, தலையில் சாக்கு போட்ட ஒருவர் ஜீப்புக்குள் இருந்தார். ஜெயராஜா முன்னால் போனபோது அந்தச் சாக்கு ஒரு தரம் அசைந்தது. அதோடு சரி. ஜெயராஜா திரும்பி வரவில்லை. சாக்குக்குள் இருந்தது யார் என்று றீற்றாவுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆள் இந்த ஊரில்தான் இருக்கிறார், தன் கடைக்கும் வந்து போகிறார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கடைக்குள் யார் வந்தாலும் முதலில் கண்ணைத்தான் பார்ப்பாள். என்னையும் அப்படித்தான் பார்த்தாள்.

தொட்டியையும் மீன்களையும் காத்தான்குடி உசனாரிடம் வாங்கினாள். பிரதான வீதியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தவர் அவர்; முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவதுபோல றீற்றா அவரைக் காக்கா என்பாள். வாளி, கூடை, கதிரையோடு கடையின் பின்பக்கம் அலங்கார மீனும் விற்றார். சிவப்பும் பச்சையுமாக ஆறேழு பிளாஸ்டிக் செடிகளையும் அவரேதான் தொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். பார்க்க வடிவாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்தில் மீன்கள் சாகத் தொடங்கின. முதலில் கப்பிகள். பிறகு இரண்டு ஏஞ்சல். காலையில் கடை திறந்தால் ஒன்று மிதக்கும். றீற்றாவுக்கு மனது ஓரிடத்தில் நிற்கவில்லை. யாரோ தண்ணீரில் எதையோ போடுகிறார்கள் என்று நினைத்தாள். சோப்பு விற்க வருகிற மனுசி, சிகரெட்டோடு வருகிற முச்சக்கரவண்டிக்காரர், எல்லோரையும் கவனித்தாள். தொட்டிக்கு மூடி போட்டாள். மூடிக்குப் பூட்டும் போட்டாள். மீன்கள் பூட்டுக்குள்ளேயே செத்தன.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்த பிறகு மீன்களுக்குப் போடும் தீன் கொண்டு வருகிற உசனார் ஒருநாள் செத்த மீனைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு ஒரு சிவப்புச் செடியைப் பிடுங்கி முகர்ந்தார்.

"தங்கச்சி, இந்தப் பிளாஸ்டிக்கு எல்லாத்தையும் எடுத்து வீசுங்க. இதுலதான் சாயம் கழண்டு வருது. என்ட கடைத் தொட்டியிலயும் இப்படித்தான் செத்துப்போச்சு."

"நீங்கதானே காக்கா இதை எனக்கு வித்தது?"

"ஓம், நான்தான். அப்ப எனக்குத் தெரியாதே. உசிருள்ள செடி வைங்க. தண்ணியும் சுத்தமாகும், மீனும் நிக்கும்."

றீற்றா செத்த மீனைக் குப்பையில் போட்டாள். அவர் போனபிறகு என்னிடம் சொன்னாள்: "பாத்தீங்களா சேர்? முதல் பிளாஸ்டிக்கை வித்தார். இனிச் செடியை விக்கப் போறார்."

ஆனால் அவள் சோதித்துப் பார்க்காமல் எதையும் விடுகிறவள் அல்ல. இரண்டு ஹோர்லிக்ஸ் போத்தலில் தண்ணீர் நிரப்பி, ஒன்றில் மட்டும் சிவப்புச் செடியைப் போட்டு மேசையில் வைத்தாள். ஐந்தாம் நாள் அந்தப் போத்தல் தண்ணீர் மெல்லிய றோஸ் நிறமாகிவிட்டது. மற்றது அப்படியே தெளிவாக இருந்தது. அன்றைக்கே பிளாஸ்டிக் செடிகள் எல்லாம் குப்பைக்குப் போயின.

உசனார் செடி விற்கவுமில்லை. "என்னட்ட செடி இல்ல. அது ஒங்கட ஊர்க் குளங்களிலதான் கிடக்கு" என்று சொல்லிவிட்டார். றீற்றா முதலில் வாவிக்கரையில் இறங்கிக் கொஞ்சம் பாசி அள்ளி வந்து போட்டாள். மூன்று நாளில் அது அழுகி மணத்தது. வாவித் தண்ணீர் உவர், அதில் வளர்ந்தது நல்ல தண்ணீரில் நிற்காது என்றார் உசனார். படுவான்கரையில், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் குளத்தில்தான் எடுக்கவேண்டும். கொட்டி என்றால் இன்னும் நல்லது. கிழங்குச் செடி அது, நீண்ட அலை அலையான இலை தண்ணீருக்குள் நிற்கும். வயல் மண்ணைக் கீழே போட்டுக் கிழங்கை நட்டு, மேலே ஆற்று மணலால் மூடவேண்டும். இதையெல்லாம் அவர் ஒரு துண்டில் படம் கீறிக் காட்டினார்.

படுவான்கரை என்றால் அந்நாளில் இயக்கத்தின் பகுதி. நடுவில் வாவி. இந்தக் கரையில் ஆமியின் காவல் சென்றி, அந்தக் கரையில் இயக்கத்தின் சென்றி. றீற்றாவோடு படித்த சீதேவி அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஒரு சனிக்கிழமை றீற்றா மண்முனைத்துறையில் பாதை ஏறினாள். பாதை என்பது ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போகும் மிதவைதான். சீதேவியும் அவளும் குளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்று ஆறு கொட்டிக் கிழங்குகளை வேரோடு எடுத்தார்கள். வயல் மண்ணும் ஒரு பை.

திரும்பும்போது இயக்கத்துச் சென்றியில் ஒரு பெண் பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இது ஆருக்கு?"

"என்ர கடையில மீன்தொட்டிக்கு."

"ஆமிக்காரர் வந்து வீட்டுக்குக் கோல் எடுக்கிற கடைதானே உங்கட கடை?"

"எல்லாரும்தான் வருவினம் தங்கச்சி. நான் வேணாமெண்டு சொல்லேலுமா?"

அந்தப் பெண் பெயரைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போக விட்டாள்.

இந்தக் கரையில், சோதனைப் பொயின்றில், ஆமிக்காரன் பையைத் திறந்ததும் சிரித்தான். "கெகட்டிய!" என்றான். அவன் ஊரிலும் அந்தச் செடி இருக்கிறது, அங்கே அதைக் கறி வைப்பார்கள் போல. "கறியா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். மீன்தொட்டி என்று சிங்களத்தில் விளக்க றீற்றாவுக்கு வரவில்லை. "ஓம், கறிக்கு" என்றாள். அவனும் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதினான்.

அடுத்த நாள் உசனார் சொன்னபடியே நட்டாள். ஒரு ரியூப் லைற்றும் பூட்டினாள். திங்கட்கிழமை பின்னேரம் கனடாவிலிருந்து அவளுடைய தம்பி தோமஸ் கோல் எடுத்தான். மேசைப் போனிலேயே நின்று பேசினாள். லைன் சரியில்லை. அவளுக்கோ சந்தோஷம். ஜெயராஜா போன எட்டு வருடத்தில் அவள் அவ்வளவு கலகலவென்று பேசி நான் கேட்டதில்லை.

"அக்கரையில இருந்து ஆறு கொண்டு வந்திட்டன்டா! ஓம், ஆறு! பொயின்ற்ல மறிச்சவன், நான் பொய் சொல்லித் தப்பிட்டன். மண்ணுக்குள்ள தாட்டு மேல மணல் போட்டு மூடியாச்சு. பாத்தா ஒண்டும் தெரியாது. மூண்டு கிழமையில எழும்பும் எண்டு காக்கா சொன்னவர்!"

வாங்கில் நாங்கள் ஏழு பேர் இருந்தோம்.

புதன்கிழமை காலை கடை திறந்து அரை மணித்தியாலத்தில் ஆமி வந்தது. மேசையைப் பார்க்கவில்லை, கூண்டைப் பார்க்கவில்லை. நேரே தொட்டிக்குப் போனார்கள். ஒருவன் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு தோள்வரை தண்ணீருக்குள் விட்டான். கொட்டிகளைப் பிடுங்கிப் பொலித்தீன் பையில் போட்டான். அடியைக் கிளறினான். மணலுக்குக் கீழே இருந்த கறுத்த மண் கிளம்பித் தொட்டி முழுவதும் தேநீர் போலாகிவிட்டது. அதற்குள் மிச்சமிருந்த மூன்று மீனையும் காணவில்லை. செடிகளையும் ஒரு பிடி மண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

றீற்றா கதிரையில் இருந்து யோசித்தாள். மணலுக்குக் கீழே மண் இருப்பது யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். சீதேவிக்குத் தெரியும், அவள் அக்கரையில். அடுத்தது உசனார். மண் போடச் சொன்னதே அவர்தான். அக்கரைக்குப் போகச் சொன்னதும் அவர்தான். நானாகவே பொறிக்குள் போய் விழுந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. தமிழ்ச் சனத்துக்கும் முஸ்லிம் சனத்துக்கும் இடையில் அந்த வருடங்களில் நடந்த கொலைகளெல்லாம் வேறு அவள் மனதில் கிடந்தன.

வெள்ளிக்கிழமை உசனார் வழக்கம்போல மீன்தீன் பையோடு வந்தார். வாசலில் கால் வைக்குமுன் றீற்றா எழுந்துவிட்டாள்.

"உள்ளுக்கு வராதீங்க காக்கா. செய்தது காணும்."

"என்ன செய்த நான்?"

"என்ன செய்ததெண்டு உங்களுக்குத் தெரியும். இனி இந்தப் பக்கம் வராதீங்க."

நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். உசனாரின் முகம் கறுத்தது. பையை வாசற்படியில் வைத்துவிட்டு, சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை றீற்றாவை ஆமிக் காம்புக்கு வரச் சொன்னார்கள். காலை எட்டு மணிக்குப் போனாள். ஒரு அதிகாரியும் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரும் இருந்தார்கள்.

"ஆறு பேரையும் எங்க வச்சிருக்கிறாய்?" என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எந்த ஆறு பேர்?"

அவர் ஒரு தாளை எடுத்து வாசித்தார். அக்கரையிலிருந்து ஆறு கொண்டுவந்தது, பொயின்றில் பொய் சொல்லித் தப்பியது, மண்ணுக்குள் தாட்டு மூடியது, மூன்று கிழமையில் எழும்பும் என்று காக்கா சொன்னது. "ஆர் அந்தக் காக்கா, மீன் விக்கிற ஆளா? என்ன எழும்பும்?"

தன்னுடைய சொற்களைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள் றீற்றா. ஒரு சொல் கூடக் குறையவில்லை. அந்த இடத்தில் தனக்குச் சிரிப்பு வந்துவிட்டது என்றும், சிரித்தால் முடிந்தது என்று தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டதாகவும் பிறகு சொன்னாள்.

"அது கிழங்கு, ஐயா. கொட்டிக் கிழங்கு. நீங்க எடுத்துக்கொண்டு வந்தது அதைத்தான்."

"பொயின்ற்ல கறிக்கெண்டு சொல்லியிருக்கிறாய். இப்ப தொட்டிக்கெண்டு சொல்லுறாய். எது பொய்?"

மத்தியானம் வரைக்கும் இதுதான். கடைசியில் மண்முனைத்துறையில் நின்ற அந்த ஆமிக்காரனை அழைத்து வந்தார்கள். பொலித்தீன் பைக்குள் கிடந்த வாடிய செடிகளைப் பார்த்ததும் அவன் "கெகட்டிய" என்றான். இந்தப் பெண் கொண்டு வந்தது இதுதான், ஆறுதான், எண்ணிப் பார்த்தேன் என்றான். பின்னேரம் நான்கு மணிக்கு அவளை விட்டார்கள். பையையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

றீற்றா வீட்டுக்குப் போகவில்லை. பஸ் ஏறி நேரே காத்தான்குடிக்குப் போனாள். உசனார் கடைக்குள் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் கதிரை போடவில்லை.

"காக்கா, நான் தெரியாமச் சொல்லிப்போட்டன். நீங்க இல்ல. என்ர வாய்தான்" என்று நடந்ததைச் சொன்னாள்.

உசனார் கூடைகளை அடுக்கி முடித்தார்.

"வியாழக்கிழமை என்ட கடைக்கும் ஆமிக்காரனுகள் வந்தானுகள். றீற்றாவுக்கு என்ன குடுத்த எண்டு கேட்டானுகள். நீங்கதான் என்ட பேரச் சொல்லியிருக்கீங்க எண்டு நான் நினச்சன். ஒங்கட கடைக்கு அண்டைக்கு வந்தது மீன்தீன் குடுக்க இல்ல. முகத்தைப் பாத்துக் கேக்கத்தான் வந்த."

"நான் சொல்லல்ல காக்கா."

"இப்ப விளங்குது." அவர் கையை நீட்டிப் பையை வாங்கிப் பார்த்தார். இலைகள் குழைந்துவிட்டிருந்தன. கிழங்கை நகத்தால் சுரண்டினார். "நாலு சரிவரும். ரெண்டு செத்துட்டு. மண்ணெல்லாம் வேணா, வெறும் மணல்லயே வைங்க."

இருவரும் பழையபடி ஆகிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். உசனார் இரண்டு மாதம் கழித்துத்தான் கடைக்கு வந்தார். வந்தாலும் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார். ஆனால் கொட்டிகள் நான்கும் பிடித்துக்கொண்டன. அடுத்த வருடம் கடைத் தொட்டிகளுக்கு வைக்கத் தளிர் கேட்டு அவரே வந்தார். பிளாஸ்டிக் செடி விற்பதை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்.

ஆனால் அந்தத் தாளில் இருந்ததை எழுதிக் கொடுத்தது யார் என்பது தெரியவரவில்லை. லைனை யாரோ ஒட்டுக்கேட்டிருக்கலாம். வாங்கில் இருந்த ஏழு பேரில் ஒருவராகவும் இருக்கலாம். றீற்றா அந்த ஏழு பேரையும் ஞாபகப்படுத்தி வைத்திருந்தாள். அவர்களில் இருவர் பிறகு கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவள் பார்வை தாங்காமலா, வேறு காரணமா தெரியாது.

ஒருநாள் கொட்டியொன்று தண்ணீருக்கு மேலே ஒரு தண்டை நீட்டிச் சின்னதாகப் பூத்திருந்தது. மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லை. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சேர், அண்டைக்கு நீங்களும் வாங்கில இருந்தனீங்கதானே?"

"இருந்தன் பிள்ளை. ஆனா அது நான் இல்ல."

றீற்றா என் கண்ணைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு "ஓம் சேர்" என்று சொல்லி லண்டன் நம்பரைச் சுழற்றித் தந்தாள். நம்பினாளா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மகனோடு மழையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வெளியே வந்தேன்.