பார்டருக்கு ஊட்டிய கை

எதிர்வீட்டு நாயைக் கொன்றவள் நான்தான்.

சொல்லிவிட்டேன்! நான்கு வருஷமாகத் தொண்டையில் நின்ற வாக்கியம், எழுதினால் இவ்வளவு சின்னதாக இருக்கிறதே... நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் சொல்ல வருகிறது. சொல்ல வேண்டியவர்களின் வீடு பத்தடி தூரத்தில் இருக்கிறது.

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு தெரு. நானும் பட்டு நெய்கிறவள், எதிர்வீட்டு சுலோச்சனாவும் பட்டு நெய்கிறவள். அவள் நாய்க்குப் பெயர் பார்டர். உடம்பு முழுக்க அரக்கு நிறம். கழுத்தைச் சுற்றி மட்டும் அளந்து கோத்ததுபோல் ஒரு வெள்ளைப் பட்டை. "எந்தத் தறியில இறக்குனாங்களோ!" என்று அவளே சிரிப்பாள்.

அந்த ஐப்பசியில் மகளின் பிரசவத்துக்காக அவளும் கணவர் கன்னியப்பனும் ஆரணிக்குப் போனார்கள். பார்டரையும், அது தின்கிற தீனி மூட்டையையும் என்னிடம் விட்டுப் போனார்கள். கடையில் விற்கிறதே, உருண்டை உருண்டையாக, அந்தத் தீனிதான்.

அடைமழை. ஈரக் காற்றில் பாவு நூல் தொய்ந்து எங்கள் தறி நின்றிருந்தது. எலிக்குப் பயந்து மூட்டையைத் தறிக்குழிக்குள் இறக்கி, பலகை போட்டு, மேலே கல்லை வைத்தேன். நெய்கிறபோது கால் விட்டு மிதிக்கிற மண்குழி அது. மழைநாளில் அதன் அடி கசியும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்! அன்றைக்கு எலி மட்டும்தான் என் புத்தியில் நின்றது.

எட்டாம் நாள் மூட்டையின் அடிவரை கை விட்டேன். பச்சையும் சாம்பலுமாகப் பூசணம்.

பட்டுச் சேலையில் பூசணம் கண்டால் எங்கள் வீடுகளில் என்ன செய்வோம்? மெல்லிய துணியால் துடைப்போம். காற்றாட விரிப்போம். இளவெயில் காட்டுவோம். புள்ளி போய்விடும்; சேலை கல்யாணத்துக்குப் போய்வரும். பிறந்ததிலிருந்து பார்த்த வைத்தியம் அது. அதையே தீனிக்கும் செய்தேன். மிக மோசமானதைப் பொறுக்கி எறிந்தேன். மிச்சத்தை முறத்தில் புடைத்து, மழை விட்ட இரண்டு நாளும் மாடியில் காயவைத்தேன். மொறுமொறுவென்று ஆனது. மோந்தேன்; ஒரு வாசமும் இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்!

பார்டர் மெச்சவில்லை. கிண்ணத்தை மோந்தது. என்னைப் பார்த்தது. தள்ளிப்போய்ப் படுத்துக்கொண்டது.

தயிர் பிசைந்து, "தின்னுடா ராஜா" என்று தலையைத் தடவினேன். எழுந்து வந்து தின்றது. பசியாலா? இல்லை... நான் கொடுத்தேன் என்பதால்! இன்றைக்கும் அதை நினைத்தால் மலைத்துப் போகிறேன். தன் மூக்கு சொன்னதை, என் முகத்துக்காக அது ஒதுக்கி வைத்ததே! மனிதரில் யார் எனக்காக அப்படி ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள்?

அவர்கள் திரும்பியதும் மூட்டையைக் கொடுத்தேன். நடந்ததைச் சொல்லவில்லை. பொறுப்பில்லாதவள் என்று நினைத்துவிடுவாளோ என்ற வெட்கம். அவ்வளவுதான்... ஓர் உயிரின் விலைக்கு என்னிடம் இருந்த காரணம் அவ்வளவேதான்.

கார்த்திகையில் பார்டர் வாந்தியெடுத்தது. ஒருநாள் காலை சுலோச்சனா அலறினாள்: "அக்கா, இவன் கண்ண வந்து பாரேன்!"

மஞ்சள்! சாயம் தோய்க்கிற ஊரில் பிறந்தவள் நான். அப்படியொரு மஞ்சளை எந்தச் சாயத்தொட்டியிலும் கண்டதில்லை. கண்ணில், ஈறில், காதின் உட்புறத்தில்... உள்ளிருந்து ஊறி வந்த நிறம். பயத்துக்கு நடுவிலும் அதை வியந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இதுவும் என் குற்றம்தானா?

கால்நடை மருத்துவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். "ஈரல்மா. ரொம்பப் பொறுமையான உறுப்பு. பெரும்பகுதி கெடுற வரைக்கும் வெளியே காட்டிக்காது. என்ன குடுத்தீங்க?"

"இவருதான் சார்! கோயில் இட்லியப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கினு இருந்தாரு. மிளகும் சுக்கும் நாய்க்கு ஆவுமா?" என்று கணவரைக் காட்டினாள் சுலோச்சனா.

"அது கேட்டுச்சும்மா" என்றார் கன்னியப்பன்.

"வாயத் தொறந்து கேட்டுச்சா? அப்பா, ஒரு இட்லி குடுன்னு?"

மருத்துவர் குறுக்கிட்டார். "மூட்டைத் தீனியில ஈரம் பட்டுச்சா? பூசணம் எதுனா?"

"இல்ல சார், மொறுமொறுன்னு இருக்குது" என்றாள் அவள்.

நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன்.

"அப்ப வீட்டுச் சாப்பாடு எதுவும் வேணாம். பழகின தீனியையே ஊறவெச்சுக் குடுங்க."

கேட்டீர்களா!

அன்று மாலை பார்டர் கிண்ணத்தின் பக்கமே திரும்பவில்லை. "நீ ஊட்டுக்கா. உன் கைன்னா தின்னும்" என்றாள் சுலோச்சனா. வெயிலில்தான் எல்லாம் போயிருக்குமே என்று எனக்கே சொல்லிக்கொண்டு, ஒரு பிடி ஊட்டினேன். தின்றது. பிறகு என் கையை நக்கியது.

மறுநாள் தனியாக மருத்துவரிடம் போனேன். யாரோ ஒருத்தி வீட்டில் நடந்ததைப்போலக் கேட்டேன்.

"பூசணம் போயிடும்மா. அது விட்டுட்டுப் போன விஷம் போகாது. வெயிலுக்கும் போகாது, கொதிக்கவெச்சாலும் போகாது. கண்ணுக்கும் தெரியாது" என்றார்.

எரிக்கிற சூரியனால் ஆகாததா! கையில் அள்ளியும் என் கண்ணுக்குத் தெரியாததா! அதை ஒரு நாயின் மூக்கு அறிந்திருந்ததா!

ஓடி வந்தேன். மூட்டையில் எலி புகுந்துவிட்டது என்று இன்னொரு பொய் சொல்லி அதை அப்புறப்படுத்தினேன். இரண்டாம் நாள் பார்டர் செத்துப்போனது. கடைசியாக நான் போய் நின்றபோது, எழ முடியாமல், வாலைத் தரையில் இருமுறை தட்டியது. எனக்காக...

மருத்துவர் கேட்ட அன்றே வாய் திறந்திருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. அது தெரியாமல் இருப்பதுதான் என் தண்டனையோ?

கன்னியப்பன் அதன்பிறகு கோயில் இட்லியை வாயில் வைப்பதில்லை. கிடைக்கிறபோதெல்லாம் எனக்குக் கொண்டுவந்து தருகிறார்: "நீங்க சாப்டுங்கக்கா. என் கையாலதான் ஒரு உயிர் போச்சு." வாங்கிக்கொள்கிறேன். உங்களுக்குப் புரிகிறதா? வாங்கிக்கொள்கிறேன்!

போன வாரம் சுலோச்சனா ஒரு குட்டி நாயையும் புதுத் தீனி மூட்டையையும் கொண்டுவந்தாள். பேரனின் காதுகுத்துக்கு மறுபடி ஆரணிப் பயணம். "உன்ன விட்டா யார நம்பி விடுவேன்க்கா?"

இப்போது சொல்லிவிடு என்றது நெஞ்சு. வாய் திறந்தேன்.

"போயிட்டு வாம்மா. நான் பார்த்துக்கிறேன்."

மூட்டையை உயரப் பரணில் வைத்திருக்கிறேன். தினமும் ஒவ்வொரு உருண்டையாகப் புரட்டிப் பார்க்கிறேன். குட்டியோ கிண்ணத்தை மோந்துகூடப் பார்ப்பதில்லை. நேராக என் முகத்தைப் பார்க்கிறது... பிறகு தின்கிறது.