இடது பக்கக் கதவு

கமலநாதன் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவந்துவிடும். அந்தச் சனிக்கிழமை காலை, "வேன சர்வீஸுக்கு விட்டுட்டு வரேன்" என்று மனைவி ஜெயமாலாவிடம் சொன்னபோதும் சிவந்துதான் இருக்கும். அக்கா அடுப்படியில் இருந்ததால் பார்க்கவில்லை. அவர் போனது பட்டறைக்கு அல்ல. பூச்சோங் பக்கம், சின்ன வயதில் அவர் குடும்பம் இருந்த கம்பத்துக் குடியிருப்பை ஒட்டிய பழைய ஈயக்குட்டைக்கு.

நான் சுகுமாறன். அவரைப் போலவே சாலாக் செலாத்தானில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். அன்று நடந்ததில் பாதி அவர் சொல்லித் தெரியும், மீதிக்கு நானே சாட்சி. எங்கள் தொழிலைப் பற்றி இதில் கொஞ்சம் அசிங்கமாகத்தான் வரும். வரட்டும்.

அண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. பத்தொன்பது வருடமாக ஒரே வழி, ஒரே நேரம். காலை ஐந்தே முக்காலுக்கு முதல் வீட்டு வாசலில் ஹாரன் அடிக்காமல் நிற்பார். பிள்ளை வாந்தி எடுத்தால் துடைக்கத் துணி வைத்திருப்பார், மழை வந்தால் இரண்டு குடை வைத்திருப்பார். உண்மையைச் சொன்னால், எங்கள் கூட்டத்தில் யாருக்கும் அவரைப் பெரிதாகப் பிடிக்காது. பத்து நிமிடம் தாமதமானால் போதும், "கமலநாதன் அங்கிள் இப்படிச் செய்ய மாட்டாரு" என்று தாய்மார்கள் எங்களிடம் ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது.

இந்த உத்தமருக்கு எட்டு மாதத்துக்கு முன் ஒரு கண் டாக்டர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். கண்ணில் அழுத்தம் கூடி இடது கண்ணின் ஓரப் பார்வை போய்விட்டது. போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். ஆள் ஏற்றி வண்டி ஓட்டுவதை விட்டுவிடுவது நல்லது. அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வந்து, மருந்தை வேனில் டிஷ்யூ பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். மறுநாள் வழக்கம் போல ஐந்தே முக்காலுக்கு முதல் வீட்டு வாசலில் நின்றார்.

அவர் நினைத்தது இதுதான்: நேராகப் பார்த்தால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது, பிறகென்ன? லைசென்ஸ் புதுப்பிக்க எழுத்து அட்டையைப் படித்தால் போதும், அது நேராகத்தான் மாட்டியிருக்கும். கோழி மாதிரிக் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஓட்டப் பழகிக்கொண்டார். ஆனால் நம் நாட்டில் வேனின் கதவு இருப்பது இடது பக்கம். பதினான்கு பிள்ளைகளும் ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தெரியாமல் போன அந்தப் பக்கத்தில்தான்.

எங்கள் வேன்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இறங்குகிற பிள்ளை கதவை இழுத்துச் சாத்திவிட்டு, வேனின் உடம்பில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்ட வேண்டும். 'நான் தள்ளி நிற்கிறேன், நீங்கள் போகலாம்' என்று அர்த்தம். கண்ணாடியில் பார்த்து, தட்டையும் கேட்ட பிறகுதான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். பார்ப்பதுதான் வேலை, தட்டு சும்மா ஒரு துணைக்கு. அண்ணன் எட்டு மாதத்தில் இதைத் தலைகீழாக்கிவிட்டார். கழுத்தைத் திருப்பி அலுத்துப்போய், தட்டை மட்டும் கேட்டு ஓட்ட ஆரம்பித்தார்.

அதற்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை, ஃபிளாட்டுக்குக் கீழே ஆயிஷா இறங்கினாள். எட்டு வயது. இறங்கிக் கதவைச் சாத்தும்போது பையின் வார் உள்ளே மாட்டிக்கொண்டது. அவள் அதை இழுத்துக்கொண்டிருந்த நேரம், பின் சீட்டில் இருந்த ரிஷி என்ற வாண்டு ஏதோ பாட்டுக்கு வேன் தகரத்தில் தாளம் போட்டான். டப், டப். அண்ணன் காலை எடுத்தார். உள்ளே பிள்ளைகள் வீறிட்ட பிறகுதான் பிரேக் போட்டார். நாலு எட்டுத் தூரம் வேனோடு ஓடி விழுந்திருக்கிறாள் ஆயிஷா. முழங்கால் தேய்ந்து ரத்தம். இன்னும் இரண்டு எட்டு போயிருந்தால் பின் சக்கரம்.

மாடியிலிருந்து அவள் தாய் ஜரீனா ஓடி வந்தார். அண்ணன் வேனிலிருந்து இறங்கி வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள், "நீங்க பயப்படாதீங்கண்ணே. இவ எப்பவும் இப்படித்தான், கதவ ஒழுங்கா சாத்தாம ஓடுவா. எத்தன தடவ சொல்லியிருக்கேன்" என்று மகளை முதுகில் ஒன்று வைத்து இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலை ஆயிஷா ஏறும்போது அவள் கெண்டைக்காலில் ரோத்தான் பிரம்புத் தடம் மூன்று. அப்போதும் அவர் எதுவும் சொல்லவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று நாங்கள்தான் அவருக்குச் சமாதானம் சொன்னோம். கண் விஷயம் எங்களுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை லைசென்ஸுக்கு மருத்துவப் படிவம் கொடுக்க வேண்டும். போவதா, விடுவதா? அதை முடிவு செய்யத்தான் அந்தக் குட்டைக்குப் போனார்.

ஏன் அங்கே? பன்னிரண்டு வயதில் ஒரு பந்தயத்துக்காக அந்தக் குட்டையைக் குறுக்கே நீந்திக் கடந்தவர் அவர். ஈயம் தோண்டிய குழிக்கு அடி கிடையாது, பலரை விழுங்கிய தண்ணீர். கரையில் நின்ற எல்லாரும் முடிந்தான் என்று நினைத்தபோது எதிர்க்கரையில் ஏறிக் கையை ஆட்டினாராம். அதற்குப் பிறகு எதற்குப் பயந்தாலும், 'அதையே கடந்தவன் நான்' என்று சொல்லிக்கொள்வார். யோசிக்கப் போனேன் என்றுதான் என்னிடம் சொன்னார். எனக்கென்னவோ, ஓட்டலாம் என்று தனக்குத் தானே தைரியம் சொல்லிக்கொள்ளத்தான் போனார் என்று படுகிறது.

போகிற வழியிலேயே ஒன்று நடந்தது. நெடுஞ்சாலையில் இடது தடத்துக்கு மாறும்போது, இல்லாத இடத்திலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் முளைத்தது. அவன் ஹாரனை அமுக்கியபடி ஒட்டி உரசிப் போய், திரும்பிக் கையை ஓங்கினான். அண்ணன் 'அவன்தான் வேகமாக வந்தான்' என்று சொல்லிக்கொண்டே மிச்ச தூரத்தை ஓட்டினாராம்.

கம்பம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. குட்டையைச் சுற்றி நடைபாதை, பெஞ்சு, குப்பைத்தொட்டி எல்லாம் போட்டுப் பூங்காவாக்கிவிட்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பத்தில் வருடத்துக்கு இரண்டு முறை வெள்ளத்தில் பாயும் பாத்திரமும் மிதக்கும். நீந்தத் தொடங்கிய இடம் எது என்று குத்துமதிப்பாகக் கண்டுபிடித்து, அதற்கு எதிரே இருந்த பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்தார்.

தண்ணீரைப் பார்த்ததும் நெஞ்சு கொஞ்சம் அடங்கியது. எதிர்க்கரையில் ஒரு அறிவிப்புப் பலகை. மீன் பிடிக்கக் கூடாது, நீந்தக் கூடாது என்று மலாயில் எழுதியிருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தார். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த போன் நம்பரைக்கூடப் படித்துவிட்டார். இவ்வளவு தூரத்தில் இருப்பதைப் படிக்கிற கண்ணையா குருடு என்கிறார்கள்? பள்ளி வருடம் முடிகிற வரைக்கும் ஓட்டுவோம், பிறகு விட்டுவிடுவோம் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார். எங்கிருந்தோ கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப் வாசம் வந்தது. பக்கத்தில் எங்கேயோ கடை இருக்கிறது போல, எழுந்து போய் இரண்டு வாங்குவோம் என்றுகூட நினைத்தாராம்.

"என்னண்ணே, வேணாம்னா வேணாம்னு ஒரு வார்த்த சொல்லலாம்லா?"

அண்ணனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கழுத்தை முழுதாகத் திருப்பினார். அதே பெஞ்சின் இடது ஓரத்தில், நடக்க வந்த ஒரு அம்மா, காலில் விளையாட்டுச் சப்பாத்தும் தலையில் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் பிரித்த பொட்டலம். ஒரு கறிபாப்பை அண்ணன் பக்கம் நீட்டியபடி இருந்தார்.

"வாயில சாப்பாடு, பேச முடியல. அதான் கையால நீட்டுனேன். எம்புட்டு நேரம் நீட்டிக்கிட்டே இருக்கறது? மூஞ்சிய ஒரே பக்கமா வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. கை வலிக்குது."

"நீங்க... எப்ப வந்தீங்க?"

"நான் வந்து பத்து நிமிசம் ஆச்சு. வரும்போதே உங்களப் பாத்து சிரிச்சேன். இந்த ஆளு என்ன இவ்ளோ கர்வமா இருக்காருன்னு நெனச்சேன்."

அண்ணன் கறிபாப்பை வாங்கிக்கொண்டார். தின்ன முடியவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் முழுசாக ஒரு ஆள் பத்து நிமிடம் இருந்திருக்கிறார். அவரோ தனியாக உட்கார்ந்து, தண்ணீரைப் பார்த்து, தனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று முடிவு செய்திருக்கிறார். "மன்னிச்சிக்குங்க, எனக்கு அந்தப் பக்கம் கண்ணு தெரியாது" என்றார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக இதை வாய்விட்டுச் சொன்னது, பேர் தெரியாத அந்த அம்மாவிடம்தான். அவர், "அய்யோ, பாவம்ணே" என்று இன்னொரு கறிபாப்பையும் கையில் வைத்தார்.

வேனுக்கு வந்து ஸ்டார்ட் பண்ணினார். கைபிரேக்கை விடக் கை வரவில்லை. இடது பக்கம் யாரோ நிற்கிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்ததாம். மூன்று முறை இறங்கி, வேனைச் சுற்றி வந்து பார்த்தார். யாரும் இல்லை. நாலாவது முறை சாவியைக் கழற்றிவிட்டு எனக்குப் போன் அடித்தார்.

நான் கிராப் டாக்சி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. ஓட்டுநர் இருக்கையை எனக்கு விட்டுவிட்டு, இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னார்.  கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது. என் தங்கை மகன் ஐந்து மாதம் அந்த வேனில் போயிருக்கிறான்.

"சரிண்ணே, விட்டாச்சில்ல. திங்கக்கிழமயில இருந்து உங்க புள்ளைங்கள நாங்க பங்கு போட்டு ஏத்திக்கிறோம். முட்டி வலின்னு சொல்லிடுங்க" என்றேன்.

"ஜரீனாகிட்ட உண்மைய சொல்லணும் சுகு."

"எதுக்கு? அந்தம்மா போலீஸ் ரிப்போர்ட்டு போட்டா என்னா செய்வீங்க? ஒரு ஆளு வாயத் தொறந்தா நாளைக்கு எல்லா வேனையும் நிறுத்தி கேப்பானுங்க. புண்ணு ஆறிப்போச்சு, அதப் போயி சொறியாதீங்க."

இதைச் சொன்னவன் நான்தான். என் மருத்துவப் படிவத்தில் டாக்டர் கையெழுத்துப் போட எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிடம். என் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அந்தப் பயத்தில்தான் அப்படிப் பேசினேன்.

அண்ணன் என் பேச்சைக் கேட்கவில்லை. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். 

"சொல்லுங்கண்ணே" என்றார் ஜரீனா. பின்னால் டிவி சத்தம்.

"அன்னிக்கு ஆயிஷா விழுந்தாள்ல. அவ மேல தப்பு இல்லம்மா. எனக்கு இடது கண்ணு ஓரத்துல தெரியாது. நான் பாக்காம எடுத்துட்டேன்."

டிவி நின்றது. "எத்தன நாளா தெரியாது?"

நான் அண்ணன் தொடையை அமுக்கினேன். நேற்றுத்தான் தெரிந்தது என்று சொன்னால் போதும்.

"எட்டு மாசமா."

 மழை கண்ணாடியில் விழ ஆரம்பித்தது. திட்டுவார், கத்துவார் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தம்மா மெதுவாகத்தான் பேசினார். "எட்டு மாசம் எம்புள்ளய நம்பி ஏத்தி விட்டேன். அவள அந்த அடி அடிச்சேன்... இருங்க. எங்கிட்ட சொல்லாதீங்க. அவகிட்டயே சொல்லுங்க."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. அண்ணன் பேசுவதற்குள் அந்தப் பிள்ளை முந்திக்கொண்டாள். "சாரி அங்கிள். இனிமே கதவ நல்லா சாத்துறேன்."

 "இல்ல கண்ணு. நீ சரியாத்தான் சாத்துன. அங்கிளுக்குத்தான் அந்தப் பக்கம் கண்ணு தெரியல. அங்கிள்தான் தப்பு பண்ணிட்டேன்."

 அவள் மூச்சு விடுவது எங்களுக்குக் கேட்டது.

"அப்ப உம்மா அடிச்சப்ப ஏன் அங்கிள் நீங்க சொல்லல?"

பதிலுக்காக அவள் போனை வைக்காமல் இருந்தாள். அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்குத் தப்ப நான் வேனை ஸ்டார்ட் பண்ணினேன்.