வளைந்த படியின் இரண்டு முனைகள்

அமெரிக்காவில், டெக்சாஸின் பிளேனோவில் அண்ணன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில், பீட்சா கூப்பனுக்குப் பக்கத்தில், கட்டம் போட்ட ஒரு தாள் ஒட்டியிருந்தது. கண் டாக்டர் கொடுத்தது. தினமும் காலையில் அண்ணி காபியும் கையுமாக அதன் முன்னால் நின்று, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நடுப்புள்ளியைப் பார்ப்பார். கோடுகள் முன்னைவிட வளைந்து தெரிந்தால் விழித்திரை இன்னும் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். சென்னையில் ஆர்க்கிடெக்டாக இருந்து, நேர்கோடு போட்டே சம்பாதித்தவர் அவர். "இன்னைக்குக் கதவே நெளியுது" என்று ஏதோ பக்கத்து வீட்டுச் சேதி மாதிரி சொல்வார்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. ஏதென்ஸ் குன்றின் மேல் கிரேக்கர்கள் கட்டிய பார்த்தனான் கோயிலைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அதில் நேர்கோடு என்பதே கிடையாது என்று அவர்தான் சொன்னார். தூண்கள் நடுவில் மெல்லப் பருத்து, உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருக்குமாம். படிகள் நடுவில் உயர்ந்து ஓரங்களில் தாழ்ந்திருக்குமாம். எல்லாம் வேண்டுமென்றே செய்தது. அவ்வளவு நீளத்தை நேராகக் கட்டினால் நம் கண்ணுக்குத் தொய்ந்து தெரியுமாம். "கண்ணு ஏமாத்தும்னு தெரிஞ்சு, கண்ணைத் திட்டாம கல்லை வளைச்சிருக்காங்கடி. எனக்கு இப்போ நேரா இருக்கறதெல்லாம் வளைஞ்சு தெரியுது. நான் பாக்காம வேற யாரு பாக்கறது?"

அண்ணனுக்கு மனசில்லாமல் இல்லை. க்ரீன் கார்டு வரிசையில் நின்று நின்று எங்கள் எல்லோருக்கும் எதையும் தள்ளிப்போடும் புத்தி வந்துவிட்டது. நாட்டை விட்டுப் போனால் திரும்பி வர பாஸ்போர்ட்டில் புதிதாக விசா ஸ்டாம்பிங் வேண்டும். அது எங்காவது மாட்டிக்கொண்டால் வேலையும் போச்சு, அண்ணியின் வைத்தியமும் போச்சு. டென்னசியில், நாஷ்வில் பூங்கா ஒன்றில், அதே அளவில் அதே வளைவுகளோடு ஒரு பார்த்தனான் நிற்கிறது என்று நான் சொன்னபோது, "டூப்ளிகேட்டை எதுக்குப் பாக்கணும்? கார்டு வரட்டும், ஒரிஜினலையே பாத்துடலாம்" என்றான். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல் இருந்து பழகியவன். கண் மட்டும் காத்திருக்கச் சம்மதிக்கவில்லை. ஒருநாள் அண்ணிக்கு என் முகத்தின் நடுப்பகுதி மறைந்துபோனது. காது இருந்தது, தோடு இருந்தது, மூக்கைக் காணோம். மறுநாளே அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு நான் ஃப்ரீவேயில் நாஷ்வில்லுக்குக் கிளம்பிவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் நான் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. அண்ணன் வீட்டு வாசலிலும் கிரேக்கத் தூண் இரண்டு உண்டு. தட்டினால் டொக்கு டொக்கென்று சத்தம் வரும். ஆனால் புல்வெளியைத் தாண்டி அந்தத் தூண்களின் அடியில் போனதும் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தபடியே நின்றுவிட்டேன். நகல்தான், கான்கிரீட்தான். இருந்தும் ஒவ்வொரு தூணும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்குகிற ஆள் மாதிரி நின்றது. பார்க்க வருகிறவனின் கண் எங்கே தடுமாறும் என்று இத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். கும்பிடத் தோன்றியது, கும்பிட்டேன். அண்ணியோ கோயிலை விட்டு முகத்தைத் திருப்பி, மரங்களைப் பார்த்தபடி நின்றார். "நேராப் பாத்தா மறையுது. இப்படி நின்னா ஓரக்கண்ணுல வரிசையா வருது" என்றார். கன்னம் நனைந்திருந்தது.

க்ரீன் கார்டு இப்போது வந்துவிட்டது. அதிலிருக்கும் தன் போட்டோவை அண்ணியால் பார்க்க முடியாது. ஆனாலும் கோயில் என்று பேச்செடுத்தால் நாங்கள் பேசுவது ஏதென்ஸைப் பற்றியல்ல, அன்று நாஷ்வில்லிலிருந்து கிளம்புவதற்கு முன் செய்த ஒரு கூத்தைப் பற்றித்தான்.

நீளமான பக்கத்து மேல்படியின் ஒரு முனையில் என்னை உட்காரவைத்துவிட்டு, தூண்களைத் தடவித் தடவியே அண்ணி மறு முனைக்குப் போனார். இருவரும் கன்னத்தைப் படியில் வைத்துப் படுத்து ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமாம். நாயோடு நடக்க வந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி நின்று வேடிக்கை பார்த்தார்கள். வெட்கத்தை விட்டுப் படுத்தேன். நிற்கும்போது ஸ்கேல் வைத்த மாதிரி இருந்த படி, என் கண்ணெதிரே மெல்ல மேடேறிப் போனது. அதற்கு அப்பால் அண்ணி இல்லை.

"என்னைத் தெரியுதாடி?"

"தெரியல அண்ணி!"

"நல்லாப் பாரு!"

"நிஜமாவே தெரியல அண்ணி!"

கண் கெட்ட பிறகு அண்ணி அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"எனக்கும்தாண்டி!"