குமிழி டப்பாவின் மூடி

வாசல் மணி அடித்தால் போதும், மூலையில் சுருண்டு கிடக்கும் பட்டு எழுந்து ஓடுவாள். முன்னறையில் தையல் மெஷினை மிதித்தபடி அதைப் பார்க்கும் அம்மாவுக்கு வயிறு எரியும். பெற்று வளர்த்து, முடி வெட்டும்போதெல்லாம் கடி வாங்கி, படாத பாடு பட்டவள் இவள். பிள்ளை ஓடுவதோ வந்து போகிற டீச்சரிடம்! ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வீட்டுக்கே வந்து பழக்கிக் கொடுக்கிற டீச்சர். நல்ல பெண்தான். அதுதான் இன்னும் எரிச்சல்.

டீச்சரின் வித்தையெல்லாம் ஒரு சோப்புக் குமிழி டப்பாவில் இருந்தது. மூடியை இறுக்கிப் பட்டுவின் முன்னால் நீட்டுவாள், கேட்டால்தான் திறப்பாள். நாலு வயதுவரை ஒரு சொல் பேசாத பிள்ளை, போன மாதம் "தா" என்றது. டீச்சரிடம். அம்மா கையில் துணியோடு ஓடி வந்தபோது குமிழிகள்தான் மிச்சம்.

"கேக்காம மட்டும் குடுத்துடாதீங்கக்கா. சும்மா கிடைச்சா அவ ஏன் பேசப் போறா?" என்றாள் டீச்சர்.

அக்காவாம், அக்கா! மறுநாளே அம்மா கடைக்குப் போய் அதே மாதிரி டப்பா வாங்கி வந்தாள். பிள்ளை பக்கத்தில் வந்தாலே ஊதினாள். பட்டு மடியைவிட்டு இறங்கவில்லை. மணி அடித்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது.

டீச்சர் டப்பாவை நீட்டிக் காத்திருந்தாள். பட்டு வாய் திறக்கவில்லை. அந்த வாரம் முழுக்க ஒரு "தா"கூட இல்லை. அம்மா தையலைப் பாதியில் நிறுத்தினாள். வந்த ஒரே சொல்லையும் நானே விரட்டிவிட்டேனா?

"வீட்ல வேற டப்பா இருக்காக்கா?" என்று டீச்சர் கேட்டாள்.

அம்மா துணிக்கூடைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவளோ மூடியை இறுக்கி அம்மா கையிலேயே திருப்பித் தந்தாள்.

"இனிமே நீங்களே கேக்க வைங்க. நான் வாசல்ல நிக்கிறேன்."

பட்டு டப்பாவைப் பிடுங்கப் பார்த்தாள், கத்தினாள், தரையில் உருண்டாள். திறந்துவிடத் துடித்த விரல்களை அம்மா அடக்கிக்கொண்டாள். ஒருவழியாக அழுகை ஓய்ந்தது. பிள்ளை டப்பாவைப் பார்த்தது. பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தது.

"தா."

அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"குடுங்கக்கா, அதான் கேட்டுட்டாளே!" என்று வாசலிலிருந்து டீச்சர் கத்திய பிறகுதான் மூடி திறந்தது.

குமிழிகள் பறந்தன. டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்கிட்ட ஒரு நாள்கூட மூஞ்சியப் பாத்துக் கேட்டதில்லக்கா" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அம்மாவுக்கு அது தேனாய் இனித்தது, உள்ளதைச் சொன்னால் இனிக்க வேண்டியதைவிட அதிகமாகவே. இத்தனை மாதத்தில் முதல் தடவையாக, "இருங்க டீச்சர், டீ போடுறேன்" என்றாள்.