மறுபடி கேட்டவர்

ஓசூரிலிருந்து வந்த பஸ் மாரண்டஹள்ளியில் நின்றதும் முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி இறங்கினார். டெம்போவில் தக்காளி ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஜெர்மனியில் நான் நர்ஸாக வேலை பார்த்த வார்டுக்கு அவர்தான் இன்சார்ஜ் சிஸ்டர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார்; எனக்கு வாய் வரவே இல்லை, கடைசிவரை சிஸ்டர்தான். என் தம்பி கல்யாணத்துக்காக அவ்வளவு தூரம் வந்திருந்தார். அவரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

அவரை அழைத்தவள் நான்தான். ஆனால் அது நம் ஊர் அழைப்பு. கல்யாணம் நிச்சயமானதும் வார்டில் எல்லோருக்கும் மைசூர்பாக்கு நீட்டி, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்தேன். சொல்ல வேண்டியது முறை, சொன்னேன். மற்றவர்கள் வாழ்த்திவிட்டு இனிப்பை எடுத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் போனை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார். சில நாள் கழித்து, டிக்கெட் போட்டாயிற்று என்று வந்து நின்றார். அழைத்தால் அழைத்ததுதான் என்று எடுத்துக்கொள்கிற மனிதர்களை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பயத்துக்குக் காரணம் வேறு. அந்த விடுமுறைக்குப் பிறகு நான் ஜெர்மனி திரும்புவதாக இல்லை. தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தேன். ஜெர்மனியில் தங்கியிருந்த அறையைக்கூட ஏறக்குறையக் காலி செய்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. சம்பளத்தில் குறையில்லை, வேலையும் பழகிவிட்டது. தனிமைதான் தாங்கவில்லை. வேலை முடிந்ததும் வார்டுக்காரர்கள் கூட்டமாக எங்கேயாவது கிளம்புவார்கள், நான் அறைக்குப் போய் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேசுகிற ஒரே ஆள் போனில் என் அம்மா. என் நிறம் பிடிக்கவில்லை, பேச்சு பிடிக்கவில்லை, என்னையே பிடிக்கவில்லை என்று முடிவுகட்டிவிட்டேன். சிஸ்டர் வேலையில் என்னை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் அவரையும் சேர்த்துத்தான் வைத்திருந்தேன்.

கல்யாணத்தில் அவர் அழகாகவே ஒட்டிக்கொண்டார். புடவை கட்டிவிடச் சொன்னார், கோயிலில் பூசை முடியும்வரை பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் எங்கள் வீட்டில் களியும் கோழிக்குழம்பும். ஒரு உருண்டையை எப்படியோ முடித்துவிட்டுப் போதும் என்று கையைத் தட்டின்மேல் வைத்தார். அம்மா அந்தக் கையை மெதுவாக நகர்த்தி இன்னொரு உருண்டையை வைத்தாள். "நம்ம வூட்டுக்கு வந்துட்டு இவ்ளோதானா? சாப்புடுங்க." அவர் பரிதாபமாக என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு அக்கா வந்தார். காபி போடட்டுமா என்று அம்மா கேட்டாள். "வேணாங்க்கா, இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேன்" என்றார் அவர். அம்மா காதில் வாங்காதவள்போல உள்ளே போய்க் காபியோடு வந்தாள். எதிர்வீட்டு அக்கா டம்ளரை வாங்கி ரசித்துக் குடித்தார். சிஸ்டர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா போனதும், வேண்டாம் என்றவருக்கு ஏன் காபி கொடுத்தார்கள் என்று என்னிடம் கேட்டார். முதலில் சொல்கிற வேண்டாம் கணக்கில் சேராது, கேட்டதும் சரி என்று சொன்னால் அலைகிற மாதிரி இருக்கும், மறுபடி கேட்ட பிறகுதான் வாங்கிக்கொள்வோம் என்றேன். இதைப் போய் விளக்க வேண்டியிருக்கிறதே என்று அலுப்பாகக்கூட இருந்தது.

சிஸ்டர் அந்தக் காலி டம்ளரைப் பார்த்தார். பிறகு கேட்டார். "அப்படியென்றால், நீ எங்களிடம் சொன்ன வேண்டாம் எல்லாம்?"

அந்த வேண்டாம்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. நான் போய்ச் சேர்ந்த முதல் வாரத்தில் காபி குடிக்க வருகிறாயா என்று கேட்டார்கள். இல்லை, பரவாயில்லை என்றேன். சரி என்று கிளம்பிவிட்டார்கள். ஏரிக்குப் போகிறோம், வருகிறாயா என்றார்கள். அதற்கும் அப்படியே சொன்னேன், அதற்கும் அப்படியே போய்விட்டார்கள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டார்கள். இந்தப் பெண்ணுக்குத் தனியாக இருக்கத்தான் பிடிக்கும், தொந்தரவு செய்யக்கூடாது என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டார்களாம். அவர் சொல்லச் சொல்ல எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு நாளும் என்னை மதிப்பதாக நினைத்துத்தான் ஒதுங்கியிருந்திருக்கிறார்கள்.

அதற்காக என் முடிவு மாறிவிடவில்லை. காரணம் புரிந்துவிட்டதால் பட்ட தனிமை இல்லையென்று ஆகிவிடாது. மறுபடி அந்த அறைக்குப் போய் உட்காரத் தெம்பில்லை. சிஸ்டர் ஊருக்குக் கிளம்பும் நாளில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவரிடம் சொல்லிவிட்டேன், நான் வரவில்லை, இங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்று. வழக்கம்போலத் தலையாட்டினார். பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தவர் சட்டென்று இறங்கிவிட்டார்.

"வந்துவிடு" என்றார்.

இல்லை சிஸ்டர் என்றேன். "வா" என்றார் மறுபடி. கண்டக்டர், "ஏறுங்கம்மா, டைம் ஆவுது" என்றார். அவர் அசையவில்லை. பஸ் போய்விட்டது. விமானம் போய்விடப் போகிறதே என்று எனக்குத்தான் பதற்றம். அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, அம்மாவைப் போலவே, வேண்டாம் என்று நீட்டிய என் கையை நகர்த்திப் பிடித்துக்கொண்டு, "வா" என்றார். இதோடு நிறுத்தமாட்டார் என்று தெரிந்தது. எந்த ஊரிலும் என்னை இப்படி யாரும் விடாமல் கூப்பிட்டதில்லை. சரி என்றேன்.

நான் திரும்பிப் போன வாரம், வேலை முடிந்ததும் காபிக்கு வருகிறாயா என்று வார்டில் கேட்டார்கள். வருகிறேன் என்றேன். அப்படியும் ஒவ்வொருவராக வந்து மறுபடி கேட்டுவிட்டுப் போனார்கள். சிஸ்டர் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். நான் அங்கேதான் இருக்கிறேன், விடுமுறைக்கு மாரண்டஹள்ளி வந்து போகிறேன். வார்டைப் பார்க்க வரும்போதெல்லாம் புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களிடம் அவர் அந்த பஸ் ஸ்டாண்டு கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். இவள் மரியாதைக்காகத்தான் மறுத்தாள், மறுபடி கேட்டதும் வந்துவிட்டாள் என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அன்று நான் மனதாரத்தான் மறுத்தேன். அதை இதுவரை அவரிடம் சொன்னதில்லை.