கிழங்குப் பானையில் வெந்த சிலிண்டர்

சரஸ்வதி பூசை அன்று காலை, ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்ட இரண்டு எவர்சில்வர் டம்ளர்களை அம்மா பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. உள் டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினார். வெளி டம்ளரை வெந்நீரில் கொஞ்ச நேரம் நிறுத்தினார். பிறகு ஒரு திருகு, இரண்டும் தனித்தனியாக வந்துவிட்டன. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் தலைக்குள் வேறொரு ஜோடி சிக்கிக் கிடந்தது. ஒரு மோட்டார் பைக்கின் அலுமினிய சிலிண்டரும், அதற்குள் உடைந்து நின்றுவிட்ட எஃகு போல்ட்டுகளும்.

வண்டி அப்பாவுடையது. பழைய டூ ஸ்ட்ரோக். அவர் ஸ்கூட்டர் வாங்கிய பிறகு, கணபதியில் வீட்டுக்கு முன்னால் இருக்கும் எங்கள் லேத் பட்டறையின் மூலையில் சாக்கு போர்த்தி நின்றது. நான் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறேன். தினமும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிற எனக்கு அந்தச் சாக்கைப் பார்க்கும்போதெல்லாம் கை அரிக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. புகை போகிற வழியெல்லாம் கரி அடைத்திருந்தது. கரியைச் சுரண்ட வேண்டுமானால் சைலென்சரைக் கழற்ற வேண்டும். அதைச் சிலிண்டரோடு பிடித்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். துருவேறி இறுகிக் கிடந்ததால் ஸ்பேனரின் வாலில் ஒரு நீளக் குழாயை மாட்டி அழுத்தினேன். முதல் போல்ட் டிக் என்று ஒடிந்தது. அதோடு நிறுத்தியிருந்தால் அது நானாக இருந்திருக்க முடியாது. இரண்டாவதும் டிக் என்றது. ஒன்று நகக்கண் உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றது மட்டத்தோடு மட்டமாக உள்ளேயே நின்றுவிட்டது.

இதற்கு நடுவே கோபிசெட்டிபாளையத்து மாமாவும் அந்த எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் தம்பி. அவருடைய வாழைத்தோட்டத்துக் கிணற்றில் ஒரு பழைய ஆயில் எஞ்சின். அதிலும் டீசல் பீய்ச்சுகிற நாசிலைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று, எஞ்சினின் தலைப்பாகமான ஹெட்டுக்குள் உடைந்து, எஞ்சின் ஓடாமல் நின்றுவிட்டது. நாலு ஊர் மெக்கானிக்கும் ஹெட்டையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். அந்த மாடலுக்கு ஹெட் எங்கேயும் கிடைக்கவில்லை. கரண்ட் வருகிற நேரம் வாழைக்குப் போதவில்லை. எங்கள் வண்டி எஞ்சினை எடுத்துப் போய்ச் சின்ன பம்பு ஒன்றோடு கோத்துவிடுவது என்று முடிவு கட்டிவிட்டார். நான் போல்ட்டை உடைத்த செய்தி கேட்டும் அவர் அசரவில்லை. "சைலென்சரு எதுக்குங்க மச்சான், தோட்டத்துல ஆரு காதுல உழுகப்போவுது" என்று எஸ்.டி.டி. பூத்திலிருந்து அப்பாவிடம் சொன்னாராம்.

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "விஜயதசமிக்கு உங்க மாமன் டெம்போ எடுத்துட்டு வாராரு கண்ணு. அவரு கெளம்பறதுக்குள்ள ரெண்டு போல்ட்டும் வெளிய வந்தா வண்டி உன்றது. வரலீன்னா எஞ்சினு அவருது."

"சரிங்கப்பா" என்றேன் உடனே. இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன். அன்றிரவே எஞ்சினைப் பிரித்துச் சிலிண்டரைத் தனியாக எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்தேன். மறுநாள் காலை பட்டறைக்குப் போனால் அங்கே தண்ணீர் அடித்துத் தரை கழுவி முடித்திருந்தார்கள். அப்போதுதான் உறைத்தது. ஆயுத பூசை. லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் சந்தனம் வைத்தாகிவிட்டது. ஸ்பேனர், சுத்தியல், வைஸ் கிரிப், எண்ணெய்க் குப்பி எல்லாம் வாழையிலையில் வரிசையாக, தலைக்கொரு குங்குமப் பொட்டோடு படுத்திருந்தன. பூசையைக் கலைக்கும்வரை ஒன்றையும் தொடக்கூடாது. கோயம்புத்தூரில் அன்றைக்கு யாரிடமும் போய் ஒரு ஸ்பேனர் இரவல் கேட்க முடியாது. ஊரே பொரியும் கடலையும் தின்றுகொண்டிருக்கும். சரி, புத்தகத்தையாவது புரட்டி வேறு வழி பார்க்கலாம் என்றால், அம்மா என் பாடப்புத்தகங்களையும் சேர்த்து அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார். கருவியும் இல்லை, புத்தகமும் இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அப்படி வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த நேரத்தில்தான் டம்ளர்கள் பிரிந்தன. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அது மட்டும் புத்தகம் இல்லாமலே நினைவில் இருந்தது. சிலிண்டரைச் சூடாக்கி, போல்ட்டைக் குளிரவைத்தால் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி விழும். துருவின் பிடி தளரும். அதற்கு ஸ்பேனர் வேண்டாம்.

"அம்மா, இட்லிச் சட்டி வேணுங்க."

"எதுக்கு?"

"சிலிண்டரை ஆவில வெக்கோணும்."

அம்மா டம்ளரைக் கீழே வைத்தார். "நாளைக்கு இட்லியில பெட்ரோல் மணக்கும். அக்கட்டால போ. இன்னைக்கு ஆயுதம் எதையும் தொடக்கூடாதுன்னு உங்கப்பா சொன்னது காதுல உழுகலயா?"

"இட்லிச் சட்டி ஆயுதமாங்க?"

"உன்ற கையில கெடச்சா எதுவும் ஆயுதந்தான்."

கடைசியில் பரணிலிருந்து ஒரு நசுங்கிய பழைய பானை இறங்கியது. சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைக்க மட்டும் வைத்திருந்தது. சிலிண்டரைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, அம்மா முகர்ந்து பார்த்து, மறுபடி கழுவச் சொல்லி, அப்புறந்தான் அடுப்புக்கு அனுமதி. ஐஸ் கட்டிக்காக ஃபிரிட்ஜைத் திறக்கப் போனேன். அதன் நெற்றியிலும் பொட்டு இருந்தது. அம்மா முறைத்தார்.

"டி.வி.க்குந்தான் பொட்டு வெச்சிருக்கீங்க. காலையில இருந்து ஓடிக்கிட்டேதான இருக்குது?"

அம்மா டி.வி.யைத் திரும்பிப் பார்த்தார். சிறப்பு நிகழ்ச்சியை விட்டு எழுந்து வந்து அவரே ஐஸ் டிரேயை எடுத்துக் கொடுத்தார்.

சிலிண்டர் நன்றாகச் சூடேறியதும் கரித்துணியால் பிடித்து எடுத்துத் தரையில் வைத்தேன். நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டின் முனையில் ஐஸ் கட்டியை அழுத்தினேன். உஸ் என்று உருகி ஓடியது. உள்ளே நின்றதன்மேல் ஒரு சின்னத் துண்டை வைத்து விரலால் பிடித்துக்கொண்டேன். ஓரத்துக்கு எண்ணெய் விடலாம் என்றால் எண்ணெய்க் குப்பி பூசையில் இருந்தது. கரண்ட் போனால் ஏற்றுகிற மெழுகுவர்த்தி கைக்குக் கிடைத்தது. சூடு ஆறுவதற்குள் அதை போல்ட்டின் ஓரத்தில் தேய்த்தேன். மெழுகு உருகி, ஒரு நொடி தயங்கி நின்று, சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளப்பட்டது. யாரோ உள்ளிருந்து உறிஞ்சியதுபோல. அதைப் பார்த்ததும் எனக்கு அடுப்பை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

மறுபடி ஆவி, மறுபடி ஐஸ், மறுபடி மெழுகு. ஒவ்வொரு முறையும் நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டை விரலால் திருகிப் பார்த்தேன். விரலுக்கு அசையாது என்று தெரியும். இருந்தாலும் பார்த்தேன்.

அப்பா பட்டு வேட்டியோடு சமையலறைப் பக்கம் வந்தார். "என்ன வேகுது?"

"சிலிண்டருங்கப்பா. டூல்ஸ் எதையும் தொடலீங்க."

பானைக்குள் எட்டிப் பார்த்தார். "உப்புப் போட்டயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் அதே அடுப்பில், வேறு பானையில், அம்மா சுண்டல் வைத்தார். எனக்கு வேறு வேலை இல்லை. உட்கார்ந்து ஆவியையும் மெழுகையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள் எப்படிப் போனதென்றே தெரியவில்லை.

விஜயதசமி காலை. அப்பா கற்பூரம் காட்டி, ஸ்பேனர்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துப் பூசையைக் கலைத்தார். கற்பூரம் அணைவதற்குள் நான் வைஸ் கிரிப்பை எடுத்துவிட்டேன்.

"வெய்யி அதை" என்றார் அப்பா.

"பூசை கலைச்சாச்சுங்களே?"

"வருசத்து மொத வேலை. ஒடைஞ்சதைப் புடுங்கறதுலயா ஆரம்பிக்கறது? புதுசா ஒரு சாமான் செஞ்சாத்தான் மத்த வேலை."

இது எனக்கு மறந்தே போயிருந்தது. வருடா வருடம் விஜயதசமி அன்று முதல் வேலையாகப் பித்தளையில் சின்ன விளக்கு ஒன்றைக் கடைந்து, தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொடுப்பார். அவர் கை அப்படி லேசில் திருப்தியடையாது. மெருகு ஏற்றி முடிப்பதற்குள் மாமா வந்து எஞ்சினை ஏற்றிக்கொண்டு அன்னூரைத் தாண்டிவிடுவார்.

"அப்படின்னா புதுசாவே செய்யலாமுங்க. ரெண்டு போல்ட். சைலென்சருக்கு. வெளக்கைப் பொறவு பார்த்துக்கலாம்."

அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "பொண்ணு பாக்கறதுக்கு முந்தியே தாலி செய்யச் சொல்றா உன்ற மக. பழசு இன்னும் ஓட்டைக்குள்ள கெடக்குது."

"புதுசா ஒரு சாமான்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் அம்மா.

அப்பா சிரித்துவிட்டார். மிச்சம் கிடந்த அறுபட்டைத் துருவேறா எஃகுக் கம்பி ஒன்றைத் தேடி எடுத்து லேத்தில் மாட்டினார். அந்த வருடத்தின் முதல் சீவல் சுருண்டு விழுந்தது. போல்ட் இரண்டும் அழகாக வந்தன, ஆனால் மெதுவாக வந்தன. இரண்டாவதற்கு மரை வெட்டிக்கொண்டிருக்கும்போதே வாசலில் டெம்போ சத்தம்.

மாமா ஒரு வாழைத்தாரைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். "ஏனுங்க அம்மிணி, எஞ்சினைத் தூக்கலாங்களா?"

"நீங்க இன்னும் கெளம்பலீங்களே மாமா."

"அதுவும் சரிதான். இட்லி சாப்பிட்டுட்டு வாரேன்." உள்ளே போனவர் அம்மாவிடம் கேட்டது வாசல்வரை கேட்டது. "எந்தச் சட்டில வெந்ததுக்கா இது?"

கடைசியாக ஒரு முறை சிலிண்டரை ஆவியில் வைத்து, பானையோடு பட்டறைக்கு எடுத்துவந்து மேசை வைஸில் பூட்டினேன். நீட்டிக்கொண்டிருந்த போல்ட்டை ஐஸால் குளிரவைத்து வைஸ் கிரிப்பால் கவ்வினேன். குழாய் போடவில்லை. கையால் மட்டும் அழுத்தினேன். கீச் என்று ஒரு சின்னச் சத்தம். அன்றைய டிக் அல்ல இது. கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால், மறுபடி முன்னால். மரை முழுக்க மெழுகோடு வெளியே வந்தது. அப்பா அதை வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தார்.

உள்ளே நின்றதுதான் பாக்கி. கவ்வுவதற்கு அதில் ஒன்றுமில்லை. அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக வெல்டிங் வைத்தால் நட்டு அதற்குத் தலையாகிவிடும். எஃகுக்கு வைக்கிற வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பது நமக்கு வசதி.

"நீயே வெப்பியா?" என்றார் அப்பா.

"பாலிடெக்னிக்ல வெச்சிருக்கேனுங்க."

வைத்தேன். ஸ்பேனரைப் போட்டு இழுத்ததும் நட்டு மட்டும் கையோடு வந்துவிட்டது. போல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. மாமா இட்லிக் கையைக் கழுவிவிட்டு வந்து நின்றிருந்தார். டெம்போக்காரர் ஹாரன் அடித்தார். நட்டைத் திருப்பிப் பார்த்தேன்.

"இன்னொண்ணு வெய்யி அம்மிணி. நட்டுக்கா பஞ்சம்?" என்றார் மாமா. "வைஸ் ஆடுதாட்ட இருக்குது. நான் புடிச்சுக்கறேன்." சாக்கை மடித்துச் சிலிண்டரை அணைத்துப் பிடித்துக்கொண்டவருக்கு அப்போதுதான் உறைத்தது. "பாத்தீங்களா மச்சான், நான் தோக்கறதுக்கு நானே புடிச்சுக்கிட்டு நிக்கறேன்."

முதலில் போல்ட்டின் முகத்தைச் சுத்தமாகச் சுரண்டினேன். அவசரத்தில் அதைத்தான் விட்டிருந்தேன். கொஞ்சம் பெரிய நட்டாக வைத்து, அதன் நடுக்குழி நிறைய வெல்டிங் ஊற்றினேன். சிவப்பு அடங்கும்வரை கையைக் கட்டிக்கொண்டேன். ஓரத்தில் மெழுகைத் தொட்டேன், உறிஞ்சிக்கொண்டது. ஸ்பேனர். ஒரு மூச்சு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு என் மணிக்கட்டு முதலில் அதை உணர்ந்தது. போல்ட் வழிவிட்டது.

அப்பா கடைந்த புது போல்ட்டுகள் இரண்டையும் விரலாலேயே திருகி உள்ளே இறக்கினேன். கடைசிவரை வழுவழுவென்று போயின.

மாமா சாக்கை உதறினார். "சரிதானுங்க. வண்டி உங்களுது." காலி டெம்போவின் விளிம்பில் போய் உட்கார்ந்துகொண்டார். கோபம் இல்லை. ஆனால் முகத்தில் வாழை தெரிந்தது. இலை மஞ்சளாகிப்போன வாழை.

"மாமா, உங்க ஆயில் எஞ்சின்ல போல்ட் எந்த மட்டத்துல ஒடைஞ்சு நிக்குதுங்க?"

"இப்பப் புடுங்குனீங்களே, அதே மாதிரிதான். உள்ளுக்குள்ள." சொன்னவர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்பா கிழங்குப் பானையைப் பார்த்தார். "ஆயில் எஞ்சின் ஹெட்டு அதுல போகாது கண்ணு."

போகாதுதான். இந்த வாரம் முழுக்க அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கரி சுரண்டி, சைலென்சரை மாட்டி, மூன்று நாளாக வண்டியில்தான் பாலிடெக்னிக் போகிறேன். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வண்டியின் சத்தத்துக்கு அடியில் அந்த ஹெட்தான் ஓடுகிறது. அது வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பும் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவுதான் விரியும், டம்ளர் கணக்கு அங்கே அப்படியே செல்லாது. ஐஸ் வைத்தால் ஹெட் விரிசல் விட்டுவிடும். நிறையச் சூடு வேண்டும், மெதுவாக ஏற வேண்டும், மெதுவாக ஆற வேண்டும், அந்த ஆறுகிற நேரத்தில் மெழுகு உள்ளே போக வேண்டும். மாமாவின் பக்கத்துத் தோட்டத்தில் வெல்லம் காய்ச்சுகிற கரும்பாலை இருக்கிறது. காய்ச்சல் தொடங்கிவிட்டதாம். பகல் முழுக்க அணையாத அடுப்பு, பக்கத்திலேயே மலைபோல் சக்கைச் சாம்பல். மாமா ஆலைக்காரரிடம் பேசிவிட்டார். "வெல்லப்பாகுல போட்டுப்போடாம இருந்தாச் சரி" என்றாராம் அவர்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அன்னூர், சத்தியமங்கலம் வழியாக வண்டியிலேயே கோபிக்குப் போகிறேன். பையில் ஒரு பாக்கெட் மெழுகுவர்த்தி, ஒரு கைப்பிடி நட்டு, வெல்டிங் ராடு. வெல்டிங் மிஷினை மாமா வாடகைக்கு எடுத்துவைப்பதாகச் சொல்லியிருக்கிறார். முதலில் ஹெட்டைத் தொடப்போவதில்லை. அதேபோல் வார்ப்பிரும்பாலான உடைந்த பம்பு மூடி ஒன்றை அடுப்பு வாயில் சூடாக்கிச் சாம்பலில் புதைத்து, சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.