இடது சுண்டுவிரல்

ரேஷன் கடை மெஷினில் அவளுடைய விரல்ரேகை விழவில்லை. வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றி வைத்தாள். மூன்றுக்கும் சிவப்பு விளக்கே எரிந்தது.

“துப்பட்டால தொடச்சிட்டு வைம்மா” என்றார் கடைக்காரர். துடைத்து வைத்தாள். மறுபடியும் சிவப்பு. “உங்க செல்போன் கம்பெனிப் பொண்ணுங்க வந்தாலே இதே ரோதனை. வெரல ஊர்லயே வெச்சிட்டு வந்துட்டீங்களா?”

வரிசையில் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கடைசியில் கண்ணைப் படம் பிடித்து அரிசி போட்டார்.

அவளுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு ‘வந்தாலே’ என்ற சொல் உறுத்தியது. ஒருத்திக்கு விழவில்லை என்றால் விட்டுவிடலாம். ஒரே கம்பெனிப் பெண்கள் பலருக்கும் விழவில்லை என்கிறாரே. பத்திரிகை வேலையை விட்டு ஆறு வருடம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை.

அவள் ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். ஜூஜுவாடியில் எங்களுக்கு அடுத்த போர்ஷனில் இன்னும் நான்கு பெண்களோடு குடியிருந்தாள். திரும்பி நடக்கும்போது கையைக் காட்டச் சொன்னேன். துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள். எதையோ மறைக்கிறாள் என்று அவள்மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வீட்டு வாசலில் அவளாகவே நீட்டினாள். மூன்று விரல் நுனிகளும் கரைந்த சோப்புத் துண்டைப் போல மழமழவென்று இருந்தன. ஓரங்களில் வெடிப்பு. கோடு ஒன்றுகூட இல்லை.

“கண்ணாடி தொடைக்கிற டேபிள்ளக்கா நானு. போன்ல ஒட்டறதுக்கு முன்னாடி லிக்விட் ஊத்தித் தொடைக்கணும்.”

“கையுறை?”

“வெரலுக்கு மட்டும் ரப்பர் உறை தருவாங்க. கொஞ்ச நேரத்துல ஊறிக் கிழிஞ்சிரும். இன்னொண்ணு கேட்டா, ‘தின்னுட்டியாடி’ன்னு லைன் லீடர் கத்துவா.”

“என்ன லிக்விட்?”

“கிளீனர்னு சொல்வாங்க. வெள்ளை பாட்டிலு. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த தடம் மட்டும் இருக்கும்.”

யார் உரித்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. நெயில் பாலிஷ் அழிக்கிற மருந்தின் வாடை அடிக்கும், மத்தியானத்துக்குள் தலை கனத்துவிடும் என்றாள். கம்பெனி நர்ஸ், வறட்டுத் தோல் என்று சொல்லி வாஸ்லின் கொடுத்திருந்தார்.

அவளுடைய கவலை வேறாக இருந்தது. கேட்டில் வருகைப் பதிவும் விரலில்தான். விழாதவர்களை இதுவரை செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்துப் போட விட்டார்கள். திங்கட்கிழமையிலிருந்து நோட்டு கிடையாதாம். மூன்று நாள் ஆப்சென்ட் விழுந்தால் காண்டிராக்ட்காரர் பெயரை எடுத்துவிடுவார். பேக்கிங் டேபிளுக்கு மாற்றினால் விரல் தேறும் என்று நினைத்தாள். மனு எழுதித் தரச் சொன்னாள்.

நான்கு வரி எழுதினேன். லிக்விடைப் பற்றி ஐந்தாவது வரி எழுதப் போனபோது தடுத்தாள். “அது வேணாங்க்கா. கம்பெனி மேல குத்தம் சொல்றேன்னு ஆயிரும். மெஷின்ல வெரல் வுழல, அதனால மாத்துங்கன்னு மட்டும் போடுங்க.” அப்படியே எழுதினேன். வேலை போவது அவளுக்கு, எனக்கல்ல.

திங்கட்கிழமை சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தாள். “தீந்துச்சிக்கா! வேற வெரல் பதிஞ்சிட்டாங்க.”

“எந்த விரல்?”

இடது சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டினாள். ஹெச்.ஆர். மேடமே சின்ன மெஷினை எடுத்துக்கொண்டு டேபிளுக்கு வந்தாராம்.

“ஒவ்வொரு விரலாப் பார்த்தாங்களா?”

“எங்க பாத்தாங்கக்கா? வந்ததும் ‘லெஃப்ட் சுண்டுவெரல வை’ன்னாங்க. எங்க டேபிள்ல பதினாலு பேரு. எல்லாருக்கும் அதான்.”

கண்ணாடியை எப்படிப் பிடிப்பாய் என்று கேட்டேன். என் போனை இடது கையில் வாங்கி, வலது கையால் துடைத்துக் காட்டினாள். இடது சுண்டுவிரல் மட்டும் எதிலும் படாமல் தனியாக நின்றது. யாரோ அந்த டேபிள் பக்கத்தில் நின்று, லிக்விட் எந்தெந்த விரலைத் தின்கிறது, எதைத் தின்னவில்லை என்று நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். வறட்டுத் தோல் என்று அவர்களும் நம்பவில்லை.

மனு அவள் கைக்கே திரும்பி வந்திருந்தது. பின்பக்கத்தில் ‘மெஷின் பிரச்சினை சரிசெய்யப்பட்டது’ என்று எழுதி, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. நாங்கள் எழுதியதற்குச் சரியான பதில். ஐந்தாவது வரி இருந்திருந்தால் அப்படி முடித்திருக்க முடியாது.

“இப்ப லிக்விடையும் சேர்த்து இன்னொண்ணு எழுதலாமா?”

“பேக்கிங் கேட்டதே வெரலுக்காகத்தானக்கா. அது வுழுந்துச்சே, இனி என்னான்னு கேக்கறது?” மனுவை நான்காக மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து, காலையில் பால் வாங்கப் போனபோது கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்தப் பெண்களைப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர். எல்லோருடைய இடது சுண்டுவிரலிலும் பிளாஸ்டர். காயமா என்று அவளிடம் கேட்டேன்.

“இல்லக்கா. தப்பித்தவறி லிக்விட் பட்டுட்டா? கேட்டாண்ட உரிச்சி வெரல வெச்சிட்டு, மறுபடி ஒட்டிக்குவோம்.”

“மத்த விரலுக்கும் சுத்திக்கலாமே.”

“அதோட எப்பிடி தொடைக்கறது?” பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்தபடி திரும்பினாள். “மத்த வெரல எந்த மெஷினும் கேக்கறதில்லியேக்கா.”